போடிங் வீட்டைப் பார்க்காத தொலைக்காட்சி

கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியில் வரும்போது குண்டசாலை, பல்லேகலை, திகன என்று ஊர்கள் கழிந்து தெல்தெனிய சேரும் வரையில் மதில்களிலும் மின்கம்பங்களிலும் ஒரே வகை அறிவித்தல் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அறை வாடகைக்கு, பெண்களுக்கு மட்டும். அறை வாடகைக்கு, ஆண்கள் இருவர். பல்லேகலைக் கைத்தொழில் பேட்டைக்கு வேலைக்கு வந்த பிள்ளைகள், தெல்தெனிய வைத்தியசாலைக்கு இடமாற்றம் பெற்ற தாதியர், ரங்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளுக்கு நியமனம் கிடைத்த ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், நீதிமன்ற எழுதுவினைஞர்கள் எல்லோருக்கும் தங்க இடம் வேண்டும். சொந்த ஊரில் அம்மா சமைத்துப் போட்ட சோற்றைச் சாப்பிட்டவர்கள், இங்கே முன்பின் தெரியாதவர்களோடு ஒரு குளியலறையையும் ஒரு கரண்ட் பில்லையும் பங்கு போட்டு வாழ்கிறார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூவரும் இந்த வாழ்க்கையைப் போடிங் என்றே சொல்கிறார்கள்.

வேலைக்குப் போகும் வயது வந்தவர்கள் நண்பர்களாகி ஒரே வீட்டில் குடியிருப்பதை வைத்து நகைச்சுவைத் தொடர் எடுப்பது உலகத் தொலைக்காட்சியின் மிக வெற்றிகரமான வகைகளில் ஒன்று. தமிழில் அது நிலைக்கவில்லை. எப்போதாவது வந்தாலும் ஒரு பருவத்தோடு முடிந்துவிடுகிறது. நம் சமூகத்தில் அப்படி யாரும் வாழ்வதில்லை, அதனால் பார்வையாளர் ஒட்டவில்லை என்று ஒரு காரணம் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. தெல்தெனியவில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் எவரும் அதை ஏற்க மாட்டார். வாழ்க்கை இருக்கிறது. அதை எட்டிப் பார்த்து எழுதாமல் வெளியூர்க் கூரையொன்றைக் கொண்டுவந்து மேலே வைத்ததுதான் இந்தத் தொடர்களின் அற்பாயுளுக்குக் காரணம் என்பது என் முடிவு.

தமிழில் இந்த வகைக்கு மிக அருகில் வந்த முயற்சி ‘டைம் என்ன பாஸ்’. 2020 செப்டம்பர் 18 அன்று அமேசான் பிரைம் வீடியோவில் வெளியானது. கே. பாலசந்தர் தொடங்கிய கவிதாலயா நிறுவனம் தயாரித்தது, சூப்பர் சுபு இயக்கினார். சென்னையில் தனியாகக் குடியிருக்கும் ஐ.டி. இளைஞனாகப் பரத் நடித்தார். வெவ்வேறு காலங்களிலிருந்து தவறி வந்து விழுந்த நான்கு பேர் அவனுடைய வீட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். ப்ரியா பவானி சங்கர், ரோபோ சங்கர், கருணாகரன், சஞ்சனா சாரதி ஆகியோர் அந்த நால்வர். பத்துப் பகுதிகள் வந்தன, இரண்டாம் பருவம் வரவில்லை. 2025 செப்டம்பரில் ரோபோ சங்கர் காலமானபோது அவருடைய மேடைப் பலகுரலையும் சினிமா வேடங்களையும் பலரும் நினைவுகூர்ந்தார்கள். இந்தத் தொடரைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

இந்தத் தொடரின் கருவை மதிக்கிறேன். ஒரே வீட்டில் வெவ்வேறு காலத்து மனிதர்களை வைத்தால் சோறு தின்னும் முறையிலிருந்து மரியாதை காட்டும் விதம் வரை எல்லாமே மோதும். சிட்காமுக்கு இதைவிட வளமான விளைநிலம் கிடைப்பது அரிது. ஆனால் கல்யாணமாகாத ஆண்களும் பெண்களும் சென்னையில் ஒரே வீட்டில் தங்குவதற்குக் காலப் பயணம்தான் வழி என்று அதை உருவாக்கியவர்கள் கருதியதில் ஒரு தயக்கம் தெரிகிறது. வீட்டுக்காரர் என்ன சொல்வார், பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள், வாடகையை யார் கட்டுவது போன்ற கேள்விகளை நேராகச் சந்திக்காமல் விஞ்ஞானக் கற்பனையால் தாண்டிப் போய்விட்டார்கள். தாண்டிப் போன இடத்தில்தான் கதை இருந்தது.

மேற்கில் இதே தயக்கத்தையே கதையாக்கினார்கள். பிரிட்டனில் 1973 முதல் 1976 வரை ஓடிய ‘மேன் அபௌட் த ஹவுஸ்’ தொடரில் இரண்டு பெண்களோடு ஓர் ஆண் குடியேறுகிறான். வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும் என்பதற்காக அவனுக்குப் பெண்கள் மேல் நாட்டமில்லை என்று பொய் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் இதைத் தழுவிய ‘த்ரீஸ் கம்பெனி’ 1977 முதல் 1984 வரை ஓடியது. 1999இல் சானல் ஃபோரில் தொடங்கிய ‘ஸ்பேஸ்ட்’ தொடரில் வாடகை விளம்பரம் தம்பதியருக்கு மட்டும் என்று சொன்னதால், அண்மையில் அறிமுகமான ஓர் ஆணும் பெண்ணும் தம்பதி போல நடித்து வீடு பிடிக்கிறார்கள். ஊர் வாய்க்குப் பயப்படுவது லண்டனிலும் உண்டு. அந்தப் பயத்தை எழுத்தாளர்கள் ஒளிக்காமல் முன்னறையில் உட்கார வைத்தார்கள். போடிங் ஆன்டியின் ஆறு மணிக் கேட் சட்டத்தை வைத்து நம்மால் மூன்று பருவம் எழுத முடியும்.

இந்தியத் தொலைக்காட்சியில் இந்த வகையின் நேரடி இறக்குமதி ‘ஹலோ ஃபிரண்ட்ஸ்’. 1999இல் ஜீ டிவியில் இந்தியில் வந்தது. சைரஸ் புரோச்சா, நிகில் சின்னப்பா, மரியா கொரெட்டி, சிமோன் சிங் முதலியோர் நடித்தார்கள். அமெரிக்காவின் ‘ஃபிரண்ட்ஸ்’ தொடரின் காட்சிகளை அப்படியே எடுத்து மும்பை முகங்களைப் பொருத்தியிருந்தார்கள். 26 பகுதிகளோடு நின்றது. நடிகர்களிடம் குறை சொல்ல முடியாது. பலர் எம்டிவியில் பெயர் பெற்றவர்கள், சரளமாகப் பேசக்கூடியவர்கள். மும்பையில் வீடு கிடைப்பது எவ்வளவு பெரிய போராட்டம் என்பதை நகரம் முழுவதும் அறியும். சாதி கேட்பார்கள், மதம் கேட்பார்கள், இறைச்சி சமைப்பாயா என்று கேட்பார்கள். இவற்றில் எதையும் தொடாமல் நியூயோர்க்கின் பெரிய வரவேற்பறையை அங்கே கொண்டுபோய் வைத்தால் சிரிப்பு எங்கிருந்து வரும்?

‘ஃபிரண்ட்ஸ்’ 1994 செப்டம்பர் முதல் 2004 மே வரை என்.பி.சி.யில் 236 பகுதிகள் ஓடியது. இன்றும் கண்டிப் பிள்ளைகள் கைபேசியில் பார்க்கிறார்கள். அது தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே, 1993 ஆகஸ்டில், ஃபாக்ஸ் அலைவரிசையில் ‘லிவிங் சிங்கிள்’ வந்துவிட்டது. புரூக்ளினில் ஒரே கட்டடத்தில் வாழும் கறுப்பின நண்பர்கள் ஆறு பேரின் கதை. இவெட் லீ பௌசர் என்ற கறுப்பினப் பெண் உருவாக்கியது. 1998 வரை 118 பகுதிகள் வந்தன. உலகம் ‘ஃபிரண்ட்ஸ்’ தொடரையே நினைவில் வைத்தது, ‘லிவிங் சிங்கிள்’ தொடரை அமெரிக்கக் கறுப்பினத்தவர் மறக்காமல் வைத்திருக்கிறார்கள். எங்களைப் போன்ற சிறிய சமூகத்தார் பாடம் படிக்க வேண்டியது ‘லிவிங் சிங்கிள்’ தொடரிடம் என்பேன். அதன் நகைச்சுவை அந்த வீட்டுக்காரர்களின் பேச்சிலிருந்தும் தொழிலிலிருந்தும் எழுந்தது. எழுதியவருக்கு அந்த வாழ்க்கை தெரியும்.

சிறிய ஆயுளையே எப்போதும் தோல்வி என்று எண்ணவும் கூடாது. பிபிசியின் ‘த யங் ஒன்ஸ்’ நான்கு மாணவர்கள் ஓர் அழுக்கு வீட்டில் வாழ்ந்த கதை. 1982இலும் 1984இலுமாக மொத்தம் 12 பகுதிகளே வந்தன. ‘ஸ்பேஸ்ட்’ 14 பகுதிகள். இரண்டையும் பிரிட்டன் இன்னும் பேசுகிறது. அங்கே ஓரிருவர் உட்கார்ந்து ஒரு பருவத்துக்கு ஆறோ ஏழோ எழுதி, எழுத ஒன்றும் இல்லாதபோது நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே ஒரு தொடர் எத்தனை பகுதியோடு நின்றது என்பதைவிட, நிற்கும்போது எதைச் சொல்லி முடித்திருந்தது என்று கேட்பதே நியாயம்.

தமிழ்த் தொலைக்காட்சியின் கணக்கு இதற்கு நேர் எதிரானது. சென்னைத் தொலைக்காட்சிக் காலத்தில் எஸ்.வி. சேகரின் ‘வண்ணக் கோலங்கள்’ போன்ற வாராந்த நகைச்சுவைகள் இருந்தன. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத்துக்காக நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’ கணவன் மனைவி சண்டையை வைத்துச் சுத்தமான சிட்காமாக வந்தது. 1999 கடைசியில் ராதிகாவின் ‘சித்தி’ சன் டிவியில் தொடங்கிய பிறகு நாள்தோறும் வரும் நெடுந்தொடரே விளம்பரதாரரின் விருப்பமாகிவிட்டது. வாரம் ஐந்து நாள் என்றால் ஆண்டுக்கு 260 பகுதி. அழுகையை அந்த வேகத்தில் எழுதலாம், ஒரு கண்ணீரை மூன்று நாளுக்கு இழுக்கலாம். நகைச்சுவையை அப்படி இழுக்க முடியாது. அரைமணி நேரச் சிட்காமில் ஒரு பொய் சொல்லப்பட வேண்டும், அது வளர வேண்டும், உடைய வேண்டும், எல்லோரும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். பலர் கூடி வாரக்கணக்கில் அடித்துத் திருத்தினால்தான் வரும். அதற்குச் சம்பளம் கொடுக்க எங்கள் அலைவரிசைகள் பழகவில்லை.

இலங்கையில் நிலைமை இன்னும் நெருக்கடியானது. சுயாதீன தொலைக்காட்சி 1979இலும் ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் தொடங்கின. அதே ஆண்டுகளில்தான் மகாவலிக்குக் குறுக்கே 122 மீற்றர் உயரத்தில் விக்டோரியா அணை எழுந்தது. 1985இல் அது திறக்கப்படுவதற்குள் பழைய தெல்தெனிய நகரம் நீருக்கடியில் போயிற்று, மக்கள் மேட்டுக்கு ஏறினார்கள். புதிய நகரத்தின் வரவேற்பறைகளில் தொலைக்காட்சிப் பெட்டிகள் வந்து உட்கார்ந்தபோது தமிழ் நிகழ்ச்சிகளுக்குக் கிடைத்தது நாளில் சிறு துண்டு. 1998இல் சக்தி டிவியும் 2009இல் வசந்தம் டிவியும் வந்து தமிழுக்கு முழு அலைவரிசை கிடைத்தது. ஆனால் தமிழ் பேசுவோர் நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, விளம்பரச் சந்தை சிறியது. சென்னையில் எடுத்து முடித்த தொடரை வாங்கிப் போடுவது, கொழும்பில் புதிதாக ஒன்றை எடுப்பதைவிட மலிவு. இந்தக் கணக்கைச் சொல்லி நிர்வாகிகள் கையை விரிக்கிறார்கள்.

சிங்களத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் அந்தக் கையை அவ்வளவு எளிதில் விரிக்க முடியாது. 1987இல் சுயாதீன தொலைக்காட்சியில் தெவிஸ் குருகே தொடங்கிய ‘கோபி கடே’ ஒரு கிராமத்துக் கோப்பிக் கடையில் நடக்கும் வாரத் தொடர். அவர் 1989இல் சுட்டுக் கொல்லப்பட்டார். தொடர் நிற்கவில்லை, முப்பது ஆண்டுகளையும் கடந்து ஓடியது. ஒரு கடை, ஒரு வாங்கு, வந்துபோகும் ஊரார். அரங்கச் செலவு குறைவு. அன்றன்றைய விலைவாசியையும் அரசியலையும் பேசலாம். ‘போடிம’ என்ற பெயரிலேயே சிங்களத்தில் போடிங் வீட்டு நகைச்சுவைத் தொடரும் வந்தது. ‘கோபி கடே’ ஓடிய அதே நிறுவனத்தின் தமிழ்ப் பிள்ளைதான் வசந்தம். பக்கத்து அறையில் முப்பது ஆண்டு வெற்றி இருக்கும்போது அதன் முறையைத் தமிழுக்கு எடுத்துவரப் பணம் மட்டும்தான் தடையா?

எழுத்துக்கும் நமக்கு முன்னோர் இல்லாமல் இல்லை. பாலசந்தரின் ‘எதிர் நீச்சல்’ 1968இல் படமாக வந்தது. பல குடித்தனங்கள் இருக்கும் ஒரு வீட்டில் மாடிப்படிக்குக் கீழே வாழும் அநாதை மாதுவாக நாகேஷ் நடித்தார். ஒவ்வொரு வீட்டு மீதிச் சோற்றுக்கும் ஒவ்வொரு வேலை. 1980இல் வந்த ‘வறுமையின் நிறம் சிகப்பு’ டெல்லியில் வேலை தேடும் தமிழ் இளைஞர்கள் ஒரே அறையில் தங்கும் கதை. வீட்டில் சோறில்லை என்பது வந்த பெண்ணுக்குத் தெரியக்கூடாது என்று வெறும் தட்டில் சாப்பிடுவது போல அவர்கள் நடிக்கும் காட்சியைப் பார்த்தவர் மறந்திருக்க முடியாது. சிரிப்பும் வலியும் அங்கே ஒரே தட்டில் இருக்கின்றன. அதே பாலசந்தரின் நிறுவனம்தான் நாற்பது ஆண்டு கழித்து ‘டைம் என்ன பாஸ்’ தயாரித்தது. அந்த வெறும் தட்டை அவர்கள் வைத்திருந்தால் காலப் பயணம் தேவைப்பட்டிராது.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய முன்மாதிரி தொலைக்காட்சிக்கு முந்தியது, இலங்கை வானொலியில் பிறந்தது. எழுபதுகளில் எஸ். ராம்தாஸ் எழுதி ஒலிபரப்பான ‘கோமாளிகளின் கும்மாளம்’ வாராவாரம் நாட்டைக் கட்டிப் போட்டது. மரிக்கார் என்ற முஸ்லிம், அப்புக்குட்டி என்ற யாழ்ப்பாணத்தார், உபாலி என்ற சிங்களவர், ஒரு ஐயர் ஆகிய நால்வரும் தத்தம் தமிழில் பேசி முட்டிக்கொள்வார்கள். ராம்தாஸ் மரிக்காராகவும் ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும் எஸ். செல்வசேகரன் உபாலியாகவும் பி.எச். அப்துல் ஹமீத் ஐயராகவும் பேசினார்கள். இந்துவான ராம்தாஸ் முஸ்லிமாகிறார், முஸ்லிமான அப்துல் ஹமீத் ஐயராகிறார், தமிழரான செல்வசேகரன் சிங்களவராகிறார். கேட்டவர்கள் அவர்களை அந்தப் பெயராலேயே கடைசி வரை அழைத்தார்கள். 1976இல் ‘கோமாளிகள்’ என்ற பெயரில் எஸ். ராமநாதன் இயக்கத்தில் அது திரைப்படமாகவும் வெளிவந்தது.

ஒருவன் மற்றவனின் பேச்சை அவ்வளவு நுணுக்கமாகக் கேட்டுப் பழகாமல் அப்படி நடிக்க முடியாது. அந்தக் கேட்கும் பழக்கமே இந்த வகை நகைச்சுவையின் உயிர். போடிங் வீட்டில் இன்றும் அது தானாக நடக்கிறது. மட்டக்களப்பு ஆசிரியையும் ரங்கலைத் தோட்டத்துப் பிள்ளையும் யாழ்ப்பாணத்துத் தாதியும் ஒரே அறையில் மூன்று மாதம் இருந்தால் மூவரின் பேச்சும் கலந்துவிடும். மடவளையிலிருந்து வரும் சினேகிதி பெருநாளுக்கு வட்டிலாப்பம் கொண்டுவருவாள். வீட்டுக்காரச் சிங்கள ஆன்டி தைப்பொங்கலுக்குப் பால் பொங்கும் நேரத்தைத் தானே கேட்டு வைத்துக்கொள்வாள். இதே அறையில் சந்தேகமும் இருக்கும். யார் எதைச் சமைத்த சட்டி, யார் எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது, தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்ததும் குரலில் ஏறும் ஒரு மெல்லிய மமதை. இவற்றை மறைத்து எல்லோரும் சிரித்துக் கட்டிப்பிடிக்கும் வீடாகக் காட்டினால் அது சுற்றுலாச் சபை விளம்பரமாகிவிடும்.

தெல்தெனியவில் இருந்து இதை எழுதும்போது 2018 மார்ச்சைத் தாண்டிப் போக முடியாது. இங்கே தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து திகனயிலும் சுற்றூர்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன, உயிரும் போயிற்று. மார்ச் 6 அன்று நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனமானது, அடுத்த நாள் முகநூல் முடக்கப்பட்டது. அந்த வாரம் எத்தனையோ அறைகளில் மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றாகத்தான் இருந்தார்கள். ஊர் முழுக்க எரிந்தபோது அந்த அறைகளுக்குள் என்ன பேசினார்கள், யார் யாருக்குக் காவல் நின்றார்கள், யார் யாரிடம் பேச்சை நிறுத்தினார்கள் என்பதை எந்தத் தமிழ்த் தொடரும் கேட்கவில்லை. நகைச்சுவை எழுதுகிறவருக்கு இதெல்லாம் வேண்டாத கனம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. ‘கோல்டன் கேர்ள்ஸ்’ 1985 முதல் 1992 வரை வயதான பெண்கள் நால்வரை மயாமியில் ஒரே வீட்டில் வைத்தது. அவர்களில் மூவர் கணவனை இழந்தவர்கள். முதுமையும் மரணமும் நோயும் அதில் வாராவாரம் வந்தன. அதனால் சிரிப்புக் குறையவில்லை.

வழக்கு மொழியைக் கேலிப் பொருளாக்கிவிடும் அபாயமும் உண்டு. இந்தியத் தமிழ்ப் படங்களில் இலங்கைத் தமிழ் பலகாலம் ஒரு வேடிக்கை ஒலியாகவே பயன்பட்டது. மலையகத் தமிழுக்கு இங்கேயே அந்தக் கதி நேர்ந்திருக்கிறது. 2025 மே மாதம் அபிஷன் ஜீவிந்த் இயக்கத்தில் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ இதில் ஒரு நல்ல திருப்பம். இலங்கையிலிருந்து வந்து சென்னைக் குடியிருப்பொன்றில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தின் கதை. பெரிய நாயகன் இல்லை, சண்டை இல்லை, அயலாரோடு பழகும் சின்னச் சின்ன நிகழ்ச்சிகள்தான். மக்கள் திரையரங்கை நிரப்பினார்கள். ஒரே சுவரைப் பங்கிடும் மனிதர்களின் கதையைத் தமிழர் பார்க்க மாட்டார்கள் என்ற வாதம் அதோடு முடிந்தது. வேற்று வழக்குப் பேசுகிறவரைக் கண்ணியத்தோடு காட்டினாலும் சிரிப்பு வரும் என்பதையும் அது நிறுவியது.

ஆகவே குறை எங்கே என்று தேடினால், பார்வையாளரிடம் இல்லை. வாழ்க்கையிலும் இல்லை. பணம் ஒரு பகுதித் தடைதான். இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு விறாந்தை என்று அரங்கம் அமைத்தால் சரித்திரத் தொடர் ஒன்றின் உடைச் செலவுகூட ஆகாது. குறை எழுத்து மேசையில் இருக்கிறது. மட்டக்களப்பு, மலையகம், யாழ்ப்பாணம், முஸ்லிம் என்று நான்கு வழக்கும் தெரிந்த ஒருவர் நம்மிடம் இல்லாவிட்டால், ஒவ்வொரு வழக்கையும் பிறப்பால் அறிந்த நால்வரை ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். அதில் ஒருவராவது போடிங்கில் இருந்து வாடகைக்குக் கடன் வாங்கியிருக்க வேண்டும். முதல் பகுதியை மாதக் கடைசியில், கரண்ட் பில் வந்த நாளில் தொடங்கலாம். யார் ஹீட்டர் போட்டது என்ற கேள்வி ஒன்றே அரைமணி நேரத்துக்குப் போதும். 260 பகுதிக்கு ஆசைப்படாமல் 12 பகுதியை முழுமையாக எழுதி முடித்த பிறகு ஒளிப்பதிவுக்குப் போகட்டும்.

தமிழ் அலைவரிசைகளான நேத்ரா, வசந்தம், சக்தி மூன்றிடமும் கேட்கிறேன். வாரத்தில் ஓர் அரைமணி நேரத்தை, பன்னிரண்டு வாரத்துக்கு மட்டும், சென்னையிலிருந்து வாங்காமல் ஒதுக்கி வையுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் எழுதும் தமிழ், முஸ்லிம் மாணவர்கள் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். தோட்டப் பாடசாலை ஆசிரியர்களில் சிறுகதை எழுதுகிறவர்கள் பலர். அவர்களைக் கூப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். தெல்தெனிய, திகன, குண்டசாலை போடிங்குகளில் தங்கி வேலைக்குப் போகும் பிள்ளைகளே, நீங்களும் உங்கள் அறையில் நடப்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.